கணக்குக்கு அடங்காத இரண்டு ஊர்கள்

1952-ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் நாடாளுமன்றத்துக்கு ஒரு தொகுதியும் சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியும் இருந்தன. நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் நிறுத்தியவர் விருதுநகர்க் காமராஜர். எதிரே நின்றவர் கோவை ஜி. டி. நாயுடு. காமராஜர் வென்று டெல்லிக்குப் போனார். சட்டமன்றத் தொகுதியில் அதே காங்கிரஸ் நிறுத்தியவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரல் முதல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவர் தோற்றார்.

2021 ஏப்ரலில் இதே வட்டாரம் மறுபடியும் இரண்டு விதமாகப் பேசியது. ராஜபாளையத்தில் தி.மு.க.வின் தங்கபாண்டியன் வென்றார். சிவகாசித் தொகுதியை விட்டு இங்கே வந்து நின்ற அமைச்சர் ராஜேந்திர பாலாஜி, நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க.வின் மான்ராஜ் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.

இந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையில் அறுபத்தொன்பது ஆண்டுகள். அதற்குள் வாக்காளர் மாறினார், வாக்குச்சாவடி மாறியது, தொகுதியின் எல்லையும் பெயரும் மாறின, நிற்பவரும் அவரை நிறுத்துபவரும் மாறினார்கள். மாறாமல் நிற்பது ஒன்று. வெளியூரில் உட்கார்ந்து போடும் கணக்கு இந்த இரண்டு ஊர்களில் அப்படியே பலித்ததில்லை. எது வந்தது, எது போனது என்று நிதானமாக எடுத்துவைத்துப் பார்த்தால்தான் அந்த மாறாத ஒன்றின் அருமை தெரிகிறது.

வாக்காளரிலிருந்து தொடங்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் வாக்கு என்பது சொத்தோடும் வரியோடும் படிப்போடும் ஒட்டிக்கொண்ட உரிமை. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937-ல் நடந்த மாகாணத் தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர்தான். 1952-ல் அந்தத் தொகை பதினேழு கோடியைத் தாண்டியது. ராஜபாளையத்தில் 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையின் முதலாளிக்கும் அங்கே நூல் நூற்ற தொழிலாளிக்கும் ஒரே எடையில் ஆளுக்கு ஒரு வாக்கு. கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் ஒரே வரிசை. அதற்கு முந்தைய தலைமுறை கனவிலும் காணாத சமத்துவம் அது.

அன்றைய வாக்காளருக்கு வயது இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களில் பலர் பட்டியலுக்குத் தம் பெயரையே சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிவானதால், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ இருபத்தெட்டு லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் சொல்லத் தயங்கியதால் முதல் தேர்தலையே இழந்த பெண்கள் அவர்கள்.

இன்று வயது பதினெட்டு. 1989-ல் நடைமுறைக்கு வந்த மாற்றம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு எண்பது பேர். ராஜபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 75,396. இரண்டு சட்டமன்றத் தொகுதிகளையும் சேர்த்தால் 2021-ல் வாக்காளர்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். மாநிலத்தின் நிலையும் அதுதான். அந்த ஆண்டு தமிழக வாக்காளர்கள் 6.28 கோடி, ஆண்கள் 3.09 கோடி, பெண்கள் 3.19 கோடி. மூன்றாம் பாலினத்தவர் ஏழாயிரத்துக்கும் மேல், தமக்கென ஒரு கட்டத்தில், தம் பெயரோடு. அன்று கணவன் பெயருக்குப் பின்னால் நின்றவர்கள் இன்று எண்ணிக்கையில் முன்னால் நிற்கிறார்கள். இந்த எழுபது ஆண்டுகளின் மிகப் பெரிய வரவு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வாக்களிக்கும் முறையும் அடியோடு மாறிவிட்டது. 1952-ல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. நாசிக் அச்சகத்தில் ரூபாய் நோட்டைப் போல அச்சிட்ட ஒரு சிறு தாள் அது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. வாக்காளர் தாளில் எதையும் எழுத வேண்டாம், குத்தவும் வேண்டாம். பிடித்த சின்னத்தின் பெட்டியில் தாளைப் போட்டுவிட்டு வந்தால் போதும். எழுதத் தெரியாத கைக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. சுகுமார் சென் என்ற முதல் தலைமைத் தேர்தல் ஆணையரின் காலத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத கோடிக்கணக்கானவர்களை நம்பி நடத்திய தேர்தல்.

பிறகு 1960-களில் எல்லாப் பெயர்களும் சின்னங்களும் ஒரே சீட்டில் வந்தன. முத்திரை குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போட்டார்கள். விரலில் வைக்கும் அழியாத மையை மைசூர் பெயின்ட் நிறுவனம் 1962 முதல் தயாரித்துத் தருகிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 2013-ல் ‘நோட்டா’ பொத்தான் சேர்ந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் முதல் எல்லாச் சாவடிகளிலும் விவிபேட் வந்தது. அழுத்திய சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்து கீழே விழுகிறது. அன்று வாக்காளர் தன் கையால் தாளைப் பெட்டிக்குள் விட்டு, போட்டாயிற்று என்று தெளிந்தார். இன்று இயந்திரம் காட்டும் ஏழு வினாடியில் அந்தத் தெளிவு கிடைக்கிறது.

எண்ணிக்கையும் அப்படியே. சீட்டுக் காலத்தில் எண்ணும் இடத்துக்கு வெளியே இரவெல்லாம் கூட்டம் காத்திருக்கும். செல்லாத ஓட்டு எத்தனை, மை பரவிய சீட்டு யாருக்கு என்று மேசைக்கு மேசை வாக்குவாதம் நடக்கும். இன்று நண்பகலுக்குள் போக்கு தெரிந்துவிடுகிறது. முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது. செல்லாத ஓட்டு இயந்திரத்தில் இல்லை. தவறாக மடித்ததால் வீணான ஏழையின் வாக்கு என்ற பழைய துயரம் ஒழிந்தது. ஊரே ஒன்றாகத் திரண்டு விடிய விடியக் காத்திருந்த அந்த இரவும் அதனோடு போயிற்று.

தொகுதியின் முகவரி மாறிய விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1985-ல் ராமநாதபுரம் பிரிந்து, இன்று விருதுநகர் என்று வழங்கும் மாவட்டத்தின் பகுதியானது. நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரிலேயே ஒரு தொகுதி இருந்தது. 1952-ல் காமராஜரையும் 1957-ல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரையும் அனுப்பிய தொகுதி அது. தமிழக அரசியலில் எதிரெதிர் துருவங்களாக நின்ற இருவரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுத்த பெருமை இந்த மண்ணுக்கு உண்டு. 1954-ல் முதலமைச்சரான பிறகு காமராஜர் குடியாத்தத்தில் நின்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1952-ல் டெல்லிக்கு அவரை அனுப்பியது இந்த வட்டாரம் என்பது பலருடைய நினைவிலிருந்து நழுவிவிட்டது.

அந்த நாடாளுமன்றத் தொகுதி நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் சிவகாசி என்ற தொகுதி வந்தது. வைகோ 1998-லும் 1999-லும் வென்ற தொகுதி. 2008 மறுவரையறையில் சிவகாசியும் மறைந்தது. இன்று ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி என்ற தனித்தொகுதிக்குள் இருக்கின்றன. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி ஆகியவை மற்ற நான்கு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, கலெக்டரைப் பார்க்க விருதுநகருக்கும் எம்.பி.யைப் பார்க்கத் தென்காசிப் பக்கமும் போக வேண்டியவர்களாக இந்த இரண்டு ஊர்க்காரர்கள் ஆகியிருக்கிறார்கள். அன்று ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கே பெயர் கொடுத்த ஊர், இன்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. 2009-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் லிங்கம், 2014-ல் அ.தி.மு.க.வின் வசந்தி, 2019-ல் தி.மு.க.வின் தனுஷ் எம். குமார், 2024-ல் தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் என்று ஒவ்வொரு முறையும் புது முகம் டெல்லிக்குப் போயிருக்கிறது.

சட்டமன்றத்தில் நடந்தது இடமாற்றம். 1976 மறுவரையறைக்குப் பின் 2006 தேர்தல் வரை ராஜபாளையம் பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2011 தேர்தல் முதல் அது தலைகீழானது. ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவின் ஊர் பல தேர்தல்களில் ஒரு பட்டியல் இனத்தவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. இன்று ஆண்டாள் கோயில் கோபுரம் நிமிர்ந்து நிற்கும் ஊர் அனுப்புகிறது. ஒரு காலத்தில் கோயில் வாசலுக்குள் விடப்படாத மக்களின் பிள்ளைகள், அந்தக் கோயில் இருக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருக்கிறார்கள். அரசியல் சட்டம் இந்த ஊருக்குச் செய்த நன்மையை அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 2006-ல் ராஜபாளையத்தில் வென்ற எம். சந்திரா ஒரு பெண். 2016-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்ற சந்திரபிரபாவும் ஒரு பெண். இரண்டு வெற்றிகளும் அந்தந்த ஊர் தனித்தொகுதியாக இருந்தபோது கிடைத்தவை. ஒரு கதவைத் திறந்தால் பக்கத்துக் கதவும் கொஞ்சம் திறந்துகொள்கிறது. ஆனால் வாக்காளரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் வட்டாரத்தில் பெண் வேட்பாளரைப் பெரிய கட்சிகள் இன்னும் எண்ணி எண்ணித்தான் நிறுத்துகின்றன. வரிசையில் முன்னால் வந்தவர்கள் மேடையில் இன்னும் முன்னால் வரவில்லை.

இனி முடிவுகளின் வரலாறு. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஏட்டில் 1977 முதல் ஒரு பெயர் அடிக்கடி வருகிறது: தாமரைக்கனி. எம்.ஜி.ஆர். காலத்தில் 1977, 1980, 1984 என்று மூன்று முறை. 1989-ல் தி.மு.க.வின் தங்கம் வென்றார். அதற்குப் பின் வந்த இரண்டு தேர்தல்கள்தான் இந்த ஊரின் குணத்தைக் காட்டுபவை.

1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் 225-ஐ அள்ளியது. தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டு. அந்தத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. அவர் தாமரைக்கனி. மாநிலம் முழுவதிலும் வென்ற ஒரே சுயேச்சை. 1996-ல் அலை நேர் எதிர்த் திசையில் அடித்தது. ஆட்சியில் இருந்த அ.தி.மு.க. நான்கே இடங்களில் வென்றது; கட்சித் தலைவியே பர்கூரில் தோற்றார். அந்த நான்கில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். வென்றவர் மறுபடியும் தாமரைக்கனி, இம்முறை அ.தி.மு.க. வேட்பாளராக. மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்த இரண்டு தேர்தல்களில், இரண்டு முறையும், இந்த ஊர் தன் வழியில் போனது. 2001-ல் அவருடைய மகன் இன்பத்தமிழன் அதே தொகுதியில் வென்றார்.

2006-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ராமசாமி, 2011-ல் அதே கட்சியின் பொன்னுபாண்டி. முதலாமவர் வென்றபோது தொகுதி பொது, கூட்டணி தி.மு.க.வோடு. இரண்டாமவர் வென்றபோது தொகுதி தனி, கூட்டணி அ.தி.மு.க.வோடு. கூட்டணி மாறியது, தொகுதியின் வகை மாறியது, கதிர் அரிவாள் மட்டும் மாறவில்லை. வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், மம்சாபுரம் பக்கத்துக் கூலி விவசாயிகளும், நெசவுத் தெருக்களும், சிறு வியாபாரிகளும் கலந்த இந்தத் தொகுதியை ஒற்றை வாய்ப்பாட்டில் அடக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ராஜபாளையத்தின் போக்கு வேறு. 1991-ல் அ.தி.மு.க.வின் சாத்தையா, 1996-ல் தி.மு.க.வின் வி. பி. ராஜன் என்று அது அலையோடு போனது. 2006-லிருந்து அதுவும் தனிவழி பிடித்தது. அந்த ஆண்டு தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோது ராஜபாளையம் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. 2016-ல் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தபோது ராஜபாளையம் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது, வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் குறைவு. 2021-ல் அமைச்சரைத் தோற்கடித்தது. வித்தியாசம் நாலாயிரத்துக்கும் குறைவு. 2006 முதல் 2021 வரை நடந்த நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் மூன்றில், ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு ஊர்களும் எதிரெதிர் அணிகளைத் தேர்ந்தெடுத்தன. இரண்டும் ஒரே பக்கம் நின்றது 2011-ல் மட்டும்.

2021 ஸ்ரீவில்லிபுத்தூர் முடிவுக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் கொரோனாத் தொற்றால் பிரசாரத்தின் நடுவிலேயே மருத்துவமனைக்குப் போனார். ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு நடந்தது. 11-ஆம் தேதி அவர் இறந்தார். மே 2-ல் வாக்குகள் எண்ணப்பட்டன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவருக்குப் போட்ட வாக்குகள், அவர் இல்லாத நாளில் இயந்திரத்திலிருந்து எண்ணிக்கையாக வெளிவந்தன. அவர் வென்றிருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். தேர்தல் என்பது மனிதர்களைப் பற்றியது என்பதை அந்த ஏப்ரல் மாதம் கடுமையாக நினைவூட்டியது.

வேட்பாளர் மக்களிடம் வரும் விதம் எப்படி மாறியிருக்கிறது? 1952-ல் சட்டமன்ற வேட்பாளர் கட்டிய டெபாசிட் 250 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கு அதில் பாதி. இன்று 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 5,000. ஆனால் டெபாசிட் ஒரு பொருட்டே இல்லை. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்ய ஆணையம் அனுமதிக்கும் உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். உண்மையான செலவு அதற்குள் நிற்பதில்லை என்பதை ஊரில் எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். அன்று ஒரு பொதுக்கூட்டம் போட்டால் பேச்சாளர் மணிக்கணக்கில் பேசுவார். கேட்பவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். பேசப்பட்டது தேசம், மொழி, கூலி, அரிசி விலை. இன்று இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். வேட்பாளர் திறந்த வேனில் வந்து தெருவுக்கு ஐந்து நிமிடம் கைகூப்பிவிட்டுப் போகிறார். மீதியை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது. விதிகள் வந்ததால் சுவர்கள் சுத்தமாயின, வீட்டுக்காரரைக் கேட்காமல் சுண்ணாம்பு அடித்து இடம் பிடிக்கும் சண்டை ஒழிந்தது, இது நல்லது. கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் வாய்ப்பும் ஒழிந்தது, இது நல்லதல்ல.

பூத் கமிட்டிக்காரர் கையில் இருக்கும் வாக்காளர் பட்டியலை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். இவ்வளவுதான் அரசு அச்சிட்டது. மீதியைப் பேனா நிரப்பியிருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி, சிலவற்றுக்கு ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்து. இது நம்ம ஓட்டு, இது அவங்க ஓட்டு, இது கேட்டால் வரும், இது எந்த ஆள், எந்தத் தெரு, எந்தச் சமூகம் என்ற குறிப்புகள். அரசு கேட்காத சாதியை அந்தப் பேனா எழுதியிருக்கும். ராஜுக்கள் இத்தனை, நாயக்கர் இத்தனை, தேவேந்திரர் இத்தனை, முக்குலத்தோர் இத்தனை, நாடார் இத்தனை, சாலியர் இத்தனை, அருந்ததியர் இத்தனை, இஸ்லாமியர் இத்தனை என்று கூட்டிப் பார்த்துத்தான் ராஜபாளையத்துக்கு யார், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யார் என்று மேலிடம் முடிவு செய்கிறது.

1952-ல் சாதி இல்லாமல் இருந்தது என்று சொல்வது பொய்யாகும். வேட்பாளர் தேர்விலும் வாக்கிலும் அது அன்றும் இருந்தது. சில ஊர்களில் இன்றைவிட முரட்டுத்தனமாக இருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு இதுதான்: அன்று அந்தக் கணக்கு தோராயமாக ஊர்ப் பெரியவர் மனதில் இருந்தது. இன்று அது தெருவாரியாக, வீடுவாரியாக, கைபேசிச் செயலியில் இருக்கிறது. நம்மைப் பற்றிய விவரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த விவரத்தை வைத்துக்கொண்டு நம் ஊர் நூற்பாலை, நம் கண்மாய், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் மாட்டுக்காரர் படும் பாடு ஆகியவற்றைப் பற்றி வேட்பாளர் பேசுவது கூடவில்லை.

அன்று தோற்றவரை நினைத்துப் பார்க்க வேண்டும். குமாரசாமி ராஜா 1952-ல் தோற்றபோது அவருடைய அமைச்சர்கள் பலரும் தோற்றிருந்தார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அவர் பதவியை விட்டு இறங்கினார். ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார். பதவியில் இருந்த முதலமைச்சரைச் சொந்த வட்டாரமே தோற்கடித்ததை எதிர்த்து அவர் ஊரோடு பகைக்கவில்லை. பின்னர் ஒரிசாவின் ஆளுநராகப் போனார். ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். தன்னைத் தோற்கடித்த வட்டாரத்துக்குத் தன் வீட்டைக் கொடுத்த தலைவர் ஒருவர் இந்த மண்ணில் இருந்தார். இன்று வென்றவர்களிடமிருந்துகூட இந்த அளவு எதிர்பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எதிர்பார்ப்பு இவ்வளவு சுருங்கியதே, இந்த எழுபது ஆண்டுகளில் நாம் இழந்தவற்றில் பெரியது.

பெற்றவற்றையும் இழந்தவற்றையும் எதிரெதிரே வைத்துக் கூட்டினால் பெற்றவையே அதிகம். சொத்து இல்லாதவருக்கு வாக்கு, பெண்ணுக்குப் பெயர், ஒதுக்கப்பட்டவருக்கு இடம், எழுதத் தெரியாதவரின் வாக்குக்குப் பாதுகாப்பு. இவற்றில் எதையும் பழைய பொதுக்கூட்டத்தின் அழகுக்காக விட்டுக்கொடுக்க முடியாது. அந்தக் காலம் நல்ல காலம் என்று பெருமூச்சு விடுபவர்கள், அந்தக் காலத்து வரிசையில் தம் பாட்டி எங்கே நின்றாள் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். இழந்தவை குறைவுதான். ஆனால் இழந்தவை எல்லாம் ஒரே இனம்: வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் இடையே இருந்த நேர்ப்பேச்சு, கேள்வி, வெட்கம், பொறுப்பு. அவற்றைச் சட்டம் போட்டு மீட்க முடியாது. வாக்காளர்தான் மீட்க வேண்டும்.

அதற்கான தகுதி இந்த இரண்டு ஊர்களுக்கும் இருக்கிறது. முதலமைச்சரைத் தோற்கடித்ததும், காமராஜரையும் தேவரையும் அடுத்தடுத்து அனுப்பியதும், பேரலையில் சுயேச்சையை வெல்ல வைத்ததும், அமைச்சரைத் திருப்பி அனுப்பியதும் இந்த மக்களே. சாதிக் கூட்டலும் கூட்டணிப் பெருக்கலும் மட்டும் முடிவு செய்திருந்தால் இந்த முடிவுகளில் பாதி வந்திருக்காது. பட்டியலின் ஓரத்தில் பேனா போட்ட குறி பல முறை பொய்த்திருக்கிறது. பொத்தானை அழுத்தும் நேரத்தில் தன் மனசுக்குப் பட்டதைச் செய்கிறவர்கள் இங்கே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஆனால் பெயர் பட்டியலில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2025-ன் இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் மாநிலமெங்கும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுத்துச் சேர வழி இருக்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஓட்டுக்கு மட்டும் ஊர் வரும் பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதை வாக்குப்பதிவு அன்று காலையில் தேடக் கூடாது. இன்றே தேட வேண்டும். வீட்டில் பதினெட்டு நிறைந்த பெண் இருந்தால் அவள் பெயரை முதலில் பாருங்கள். வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது அவரை வேனிலிருந்து இறங்கச் சொல்லி, ஊருக்கு என்ன செய்வார் என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பார்த்து வாக்களியுங்கள்.